முடிவுக் கோட்டில் ஏன் விழுகிறார்கள்?

இல்ல விளையாட்டுப் போட்டிகளில் 1500 மீற்றர் ஓட்டம் முடிந்ததும் முதலுதவிக் குழுவினர் தண்ணீர்ப் போத்தலுடன் ஓடுவது எல்லாப் பாடசாலைகளிலும் வழமையான காட்சிதான். கோட்டைத் தாண்டிய கையோடு ஓரிரு மாணவிகள் புல்லில் சாய்ந்துவிடுவார்கள். கூடாரத்தில் இருக்கும் தாய்மார் பதறுவார்கள். "பொம்புளப் புள்ளயளுக்கு இந்தத் தூர ஓட்டமெல்லாம் எதுக்கு?" என்று ஒரு குரலாவது எழும். பதறுவது இயல்பு. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை அறிந்துகொண்டால், நாம் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பது கொஞ்சம் தெளிவாகும்.

1928 ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் முதன்முதலாக 800 மீற்றர் ஓடினார்கள். இறுதிப் போட்டியில் ஒன்பது பேர். ஜேர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 செக்கனில் உலக சாதனையுடன் வென்றார். ஓட்டம் முடிந்த பின் ஓரிருவர் களைப்பால் தரையில் சாய்ந்தார்கள். மறுநாள் பத்திரிகைகள் சில, பாதிப் பேர் மயங்கி விழுந்ததாகவும் பலர் ஓட்டத்தை முடிக்கவே இல்லை என்றும் எழுதின. உண்மையில் ஒன்பது பேரும் ஓடி முடித்திருந்தார்கள். ஆனாலும் பெண்களின் உடல் இதைத் தாங்காது என்று சொல்லி ஒலிம்பிக்கிலிருந்து அந்தப் போட்டியையே நீக்கினார்கள். அது மீண்டும் வந்தது 1960 இல், ரோம் நகரில். இடையில் முப்பத்திரண்டு வருடங்கள் கழிந்துவிட்டன.

ஆண்கள் விழவில்லையா? 1908 லண்டன் ஒலிம்பிக் மரதனில் இத்தாலியின் டொராண்டோ பியேத்ரி முதலாவதாக மைதானத்துக்குள் நுழைந்தார். நுழைந்தவர் தடுமாறித் தவறான திசையில் ஓடத் தொடங்கினார். பிறகு பலமுறை விழுந்தார். கடைசிச் சில நூறு மீற்றருக்கு மாத்திரம் ஏறத்தாழ பத்து நிமிடங்கள் சென்றன. அதிகாரிகள் அவரைத் தூக்கிவிட்டுக் கோட்டைத் தாண்டச் செய்தார்கள். பிறர் உதவி பெற்றதால் வெற்றி பறிபோனது, தங்கம் அமெரிக்காவின் ஜோனி ஹேய்ஸுக்குக் கிடைத்தது. ஆனால் பியேத்ரிக்கு அரசி அலெக்ஸாண்ட்ரா ஒரு கிண்ணத்தைப் பரிசளித்தார். ஆண்கள் மரதன் ஓடக்கூடாது என்று அன்று எவரும் தடை கொண்டுவரவில்லை. விழுந்த ஆண் வீரனாகவும் சாய்ந்த பெண் பலவீனமானவளாகவும் பார்க்கப்பட்டார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இருப்பதாகத் தெரியவில்லை.

சரி, ஏன்தான் விழுகிறார்கள்? ஓடும்போது இதயம் மட்டும் குருதியைத் தள்ளுவதில்லை. கெண்டைக்கால் தசைகள் ஒவ்வோர் எட்டிலும் சுருங்கி, கால் நாளங்களிலுள்ள குருதியை மேலே பிழிந்து அனுப்புகின்றன. அவற்றை இரண்டாவது பம்பி என்றே சொல்லலாம். கோட்டைத் தாண்டியதும் ஓடியவர் அப்படியே நின்றுவிட்டால் இந்தப் பம்பியும் நின்றுவிடுகிறது. விரிந்திருக்கும் கால் நாளங்களில் குருதி தேங்கி, மூளைக்குச் செல்லும் அளவு குறைகிறது. கண் இருட்டுகிறது, தலை சுற்றுகிறது, விழுகிறார். பெரும்பாலான முடிவுக் கோட்டு மயக்கங்கள் இவ்வளவுதான். படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்திப் பிடித்தால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். இதைத் தடுப்பது அதைவிட இலகு: கோட்டைத் தாண்டிய பின் நிற்காமல் சில நிமிடம் நடக்க வேண்டும். ஓடி முடித்தவரைக் கட்டிப்பிடித்து நிறுத்தும் தோழிகள் இதைக் கவனிப்பது நல்லது!

கோட்டுக்கு முன்னரே தள்ளாடுவதுதான் வேறு விடயம். மரதன் போன்ற நீண்ட ஓட்டங்களில் தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைத்த மாச்சத்தான கிளைக்கோசன், பெரும்பாலும் 30 கிலோமீற்றர் கடந்த பிறகு தீரத் தொடங்குகிறது. 1500 மீற்றருக்கு அது தீர்ந்துவிடாது. ஆனால் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு மைதானத்துக்கு வருகிற பிள்ளை சோர்ந்துபோவது வேறு கதை. அதைவிட ஆபத்தானது வெப்பம். தசைகள் உண்டாக்கும் வெப்பத்தை வியர்வையால் வெளியேற்ற முடியாமல் உடலின் உள் வெப்பநிலை 40 பாகை செல்சியஸைத் தாண்டினால் மூளை குழம்பும். ஓடுபவர் கோணலாக ஓடுவார், பெயர் கேட்டால் பதில் வராது. இப்படியானவரை உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் குளிர்ந்த நீர் ஊற்றி, ஐஸ் வைத்து, தாமதமின்றி வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

1984 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 5 ஆந் திகதி லொஸ் ஏஞ்சல்ஸில், பெண்களுக்கான முதலாவது ஒலிம்பிக் மரதனில் உலகம் இதைப் பார்த்தது. சுவிற்சர்லாந்தின் கேப்ரியேலா அண்டர்சன்-ஷீஸ், வயது 39, கடைசித் தண்ணீர் நிலையத்தைத் தவறவிட்டிருந்தார். மைதானத்துக்குள் வந்தபோது உடல் ஒரு பக்கம் வளைந்து, ஒரு கை செயலற்றுத் தொங்கியது. கடைசிச் சுற்றுக்கு அவருக்கு ஐந்தரை நிமிடத்துக்கும் மேல் சென்றது. வைத்தியர்கள் அருகில் நடந்தார்கள், ஆனால் தொடவில்லை. தொட்டால் பியேத்ரிக்கு நடந்ததுதான் நடக்கும். அவருக்கு வியர்வை வடிவதைக் கண்டு, உடல் இன்னும் வெப்பத்தை வெளியேற்றுகிறது என்று முடிவு செய்து தொடர விட்டார்கள். அவர் 37 ஆவதாக முடித்தார், விரைவில் குணமடைந்தார். ஆனால் இதை நமது மைதானங்களில் முன்மாதிரியாகக் கொள்ள முடியாது. வியர்வை இருப்பதால் மட்டும் ஆபத்தில்லை என்று இன்றைய வைத்தியம் சொல்வதில்லை. தடுமாறுகிற பாடசாலை மாணவியை நிறுத்திவிடுவதே சரி. பதக்கம் அடுத்த வருடமும் இருக்கும்.

சில விபத்துகளுக்கு உடல் காரணமே இல்லை, கணக்குத்தான். 2019 இல் லொசான் நகரில் 5000 மீற்றர் ஓடிய எத்தியோப்பியாவின் ஹாகோஸ் கெப்ரிவெட், ஒரு சுற்று மீதமிருக்கும்போதே வென்றுவிட்டதாக எண்ணி நின்றார். மற்றவர்கள் கடந்து போனார்கள். கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பது இதற்காகத்தான். ஆனால் களைத்த மூளைக்கு மணியும் கேட்பதில்லை போலும்.

சுற்றுக் கணக்கு என்றதும் இலங்கையர் நினைவுகூர வேண்டிய ஒருவர் ரணதுங்க கருணானந்த. 1964 ஒக்டோபர் 14, டோக்கியோ ஒலிம்பிக், 10,000 மீற்றர், மொத்தம் 25 சுற்றுகள். அமெரிக்காவின் பில்லி மில்ஸ் 28 நிமிடம் 24.4 செக்கனில் எவரும் எதிர்பாராத வெற்றியைப் பெற்றார். ஓர் அதிகாரி அவரை நோக்கி ஓடிவர, சுற்றைத் தவறாக எண்ணிவிட்டேனோ என்று மில்ஸே பயந்தாராம். ஒவ்வொருவராக ஓடி முடித்தார்கள். பலர் இடையிலேயே விலகியிருந்தார்கள். 67 ஆம் இலக்கம் அணிந்த கருணானந்தவும் கோட்டை அடைந்தார், ஆனால் நிற்காமல் ஓடிக்கொண்டே போனார். கூட்டம் முதலில் சிரித்தது, கேலி செய்தது. அவருடைய நேரம் 34 நிமிடம் 21.2 செக்கன். 25 ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு சுற்றுக்குச் சராசரி 82 செக்கன் வரும். அப்படியானால் மில்ஸ் முடித்த வேளையில் அவருக்கு நான்கு சுற்றுகளுக்கு மேல் மீதமிருந்தன. வெறிச்சோடிய தடத்தில் தனி ஆளாக அவர் மறுபடியும் சுற்றி வந்தபோது சிரிப்பு அடங்கியது. இறுதிச் சுற்றில் மைதானமே எழுந்து கைதட்டியது. 29 ஆவதாக, அதாவது கடைசியாக முடித்தவரின் கதை பிற்காலத்தில் ஜப்பானியப் பாடநூலில் இடம்பெற்றது. நமது பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவருடைய பெயர் தெரியும்?

இனி உடல் வலிமைக்கு வருவோம். ஓட்டக்காரிக்கு எதற்குத் தசைப் பயிற்சி, மெலிந்திருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. களைத்த நேரத்தில் உடலை நிமிர்த்தி வைத்திருப்பது வயிறு, முதுகு, இடுப்புத் தசைகள். அவை தளர்ந்தால் எட்டு குறுகும், கால் இடறும். 2023 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் சிபான் ஹசன் 10,000 மீற்றரின் கடைசி மீற்றர்களில் முன்னணியில் இருந்தபோது, பக்கத்தில் வந்தவருடன் உரசி விழுந்தார். அன்றே அவர் 1500 மீற்றர் தகுதிச் சுற்றும் ஓடியிருந்தார். அடுத்த வருடம் பாரிஸில் இரண்டு வெண்கலங்களுக்குப் பிறகு மரதன் ஓடி, இறுதி விரைவோட்டத்தில் மூன்று செக்கன் வித்தியாசத்தில் தங்கம் வென்று, ஹிஜாபுடன் மேடையேறினார்.

கண்டியில் இருப்பவர்களுக்கு இயற்கையே ஒரு பயிற்சிக்கூடத்தைத் தந்திருக்கிறது. நமது நகரம் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. குருதியில் மாற்றம் ஏற்படுத்த அந்த உயரம் போதாது, அதற்கு நுவரெலியா போன்ற இடம் வேண்டும். ஆனால் ஏற்றங்கள்! வாரத்தில் இரண்டு நாள், மெதுவான ஏற்றத்தில் அரை நிமிடம் ஓடி, நடந்து இறங்கி, ஆறேழு தடவை செய்தால் தொடையும் கெண்டைக்காலும் உறுதியாகும். மெணிக்கின்னப் பக்கம் வலல ரத்நாயக்க மத்திய கல்லூரியில் பயின்ற தருஷி கருணாரத்ன, 2023 ஒக்டோபரில் ஹாங்சூ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2 நிமிடம் 3.20 செக்கனில் தங்கம் வென்றார். எந்த ஓட்டம் தெரியுமா? அதே 800 மீற்றர்.

பெற்றோரிடம் ஒன்று சொல்ல வேண்டும். மகள் முன்பைவிடச் சீக்கிரம் களைக்கிறாள், படியேறினால் மூச்சு வாங்குகிறது, முகம் வெளிறியிருக்கிறது என்றால் ஓட்டத்தைக் குறை சொல்லுமுன் ஒரு குருதிப் பரிசோதனை செய்து பாருங்கள். தசைகளுக்கு ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஈமோகுளோபினுக்கு இரும்புச்சத்து வேண்டும். மாதவிடாயால் பெண் பிள்ளைகளுக்கு அது குறைவது சாதாரணம். ஈரல், இறைச்சி, மீன், பருப்பு, கீரை எல்லாம் வீட்டில் உள்ளவைதான். கீரையோடு கொஞ்சம் தேசிக்காய் சேர்த்தால் அதிலுள்ள இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். நாம் செய்வதோ நேர்மாறு: சோற்றுப் பீங்கானைத் தூக்குமுன் பிளேன்டீ வந்துவிடும். தேயிலையிலுள்ள சில பொருட்கள் உணவின் இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. தேயிலை விளையும் ஊரில் இருந்துகொண்டு தேநீரை விடச் சொன்னால் யார் கேட்பார்கள்? சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் போதும்.