பதில் வரும் வரை

காத்திருப்பது எமக்குப் புதிய விடயமல்ல. நிவாரண அட்டைக்காகக் காத்திருந்தோம். கிடுகுக் கொட்டிலை விட்டு ஒரு கல்வீட்டுக்குப் போகக் காத்திருந்தோம். ஊருக்குத் திரும்பலாம் என்ற செய்திக்காகக் காத்திருந்தோம். காணாமற் போனவரின் காலடிச் சத்தத்துக்காக இன்றும் காத்திருப்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள்.

இந்தக் காத்திருப்புகள் எதையும் நாம் தேடிப் போகவில்லை. யாரோ எடுத்த முடிவுகள் எம்மைக் காக்க வைத்தன. அதனால்தான் காத்திருப்பு என்றாலே வாய் மூடி இருப்பது என்று பழகிவிட்டோம்.

கற்பிட்டி வீதியில், ஆலங்குடாப் பக்கமாக உள்ள ஒரு குடியேற்றத்தில் நான் சந்தித்த சகோதரியின் காத்திருப்பு வேறு வகையானது. சமூகப்பணி முதுமாணிக் கற்கைநெறிக்கு விண்ணப்பித்துவிட்டுப் பதிலை எதிர்பார்த்திருக்கிறார். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி மூன்று மாதங்கள் ஆகின்றன. தபாலகத்தில் கொடுத்த பற்றுச்சீட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களுடன் சேர்த்து அலுமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். “கிடைக்காமல் போனால் ஊர் முழுக்க விசாரிக்கும்” என்று சொல்லிச் சிரித்தார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“என்ன மகள், இன்னும் ஒன்றும் வரல்லையா?”

“இல்ல மாமி. வரும்.”

சான்றிதழ் இல்லாத சேவை

1990 ஒக்டோபர் மாதக் கடைசியில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ 75,000 பேர் வீடு, காணி, தொழில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தனர். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம் மட்டுமே. மன்னார்த் தீவிலிருந்து பலர் படகுகளில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினர். அந்தப் படகுகளில் ஒன்றில் வந்தபோது எமது சகோதரிக்கு வயது ஏழு.

வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குப் புத்தளம் மாவட்டமே இடம் கொடுத்தது. பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் தென்னந்தோட்டங்களிலும் தங்கினார்கள். வெங்காயத் தோட்டத்திலும் உப்பளத்திலும் நாட்கூலிக்குப் போனார்கள். அந்த முகாம்களில் யாருக்குப் பிரசவம் நெருங்குகிறது, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தப் பெண் இரவில் அடி வாங்குகிறாள், எந்தப் பிள்ளை பாடசாலையை விட்டு நின்றுவிட்டது என்பதையெல்லாம் அறிந்து, ஓடி ஓடி வேலை செய்தவர்கள் பெண்களே. அதற்கு “சமூகப்பணி” என்று ஒரு பெயர் இருப்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது.

அப்படித் தொடங்கியவர்களில் சிலரை நாடே அறியும். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்த ஷிரீன் அப்துல் சரூர், தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒன்றாக இயங்கும் மன்னார் பெண்கள் அபிவிருத்திச் சம்மேளனத்தை உருவாக்கினார். அதேபோல இடம்பெயர்ந்து புத்தளத்தில் வாழ்ந்த ஜுவைரியா மொஹிதீன், முஸ்லிம் பெண்கள் அபிவிருத்தி நம்பிக்கை நிதியத்தை நிறுவினார். இவர்களுக்குப் பின்னால், பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான பெண்கள் குடிசை குடிசையாக ஏறி இறங்கினார்கள்.

எமது சகோதரியும் உயர்தரம் முடித்த கையோடு ஒரு தொண்டு நிறுவனத்தில் களப் பணியாளராகச் சேர்ந்தார். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பல வெளிநாட்டு நிறுவனங்கள் அலுவலகங்களை மூடிக்கொண்டு புறப்பட்டன.

“பத்து வருஷ வேலைக்கு என் கையில் மிஞ்சியது ஒரு அனுபவக் கடிதம்தான்” என்கிறார் அவர். பிள்ளைகள் உறங்கிய பின் படித்து வெளிவாரிப் பட்டம் ஒன்றை முடித்தார். இப்போது ஒரு சிறிய பெண்கள் அமைப்பில் ஒப்பந்த அடிப்படையில் வேலை. “திட்டத்தை நான்தான் எழுதுகிறேன். கையெழுத்துப் போடுவது தகைமை உள்ள வேறொருவர். எனக்குக் கீழே வேலை பழகிய பிள்ளைகள் எனக்கு மேலே வந்துவிட்டார்கள். அவர்கள் வரட்டும், சந்தோசம். ஆனால் நானும் வர வேண்டாமா?”

அரச நியமனங்களுக்கு வயதெல்லை உண்டு என்பது அவருக்குத் தெரியும். உத்தியோகத்தை நினைத்து அவர் விண்ணப்பிக்கவில்லை. தான் செய்த வேலையைத் தன் பெயரில் செய்யவே அவர் விரும்புகிறார்.

இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது?

ஏழைகளுக்கு உதவுவதற்குப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. நல்ல மனம் மட்டும் போதாது என்பதை உலகம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்துகொண்டது. 1898 இல் நியூயோர்க்கில் ஒரு கோடைகாலப் பயிற்சி வகுப்பும், 1899 இல் அம்ஸ்ரடாமில் ஒரு கல்லூரியும் தொடங்கின. ஆசியாவில் பம்பாயில் 1936 இல், இன்று டாட்டா சமூக விஞ்ஞான நிறுவகம் என அறியப்படும் கல்லூரி ஆரம்பமானது. சென்னையில் 1952 இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் சமூகப்பணிக் கல்லூரியைத் தொடங்கினார்.

அதே 1952 இல் எமது நாட்டிலும் சமூகப்பணிக் கல்வி தொடங்கியது. அது வளர்ந்து, 1992 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாயிற்று. ஆழிப்பேரலைக்கு அடுத்த ஆண்டான 2005 இல் இளமாணிப் பட்டமும், 2008 இல் முதுமாணிப் பட்டமும் அங்கே ஆரம்பமாகின. போரும் கடலும் அடுத்தடுத்து அடித்த நாட்டில், பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் எவ்வளவு தேவை என்பதை அந்த ஆண்டுகள் உணர்த்தின.

தனியாள் பணி, குழுப் பணி, சமுதாயத்தை ஒழுங்கமைத்தல் என்பவை இப்படிப்பின் அடிப்படைகள். வகுப்பறைக்குச் சமமாகக் களப் பயிற்சியும் உண்டு. ஒரு பெண் அழும்போது எப்போது பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது, அவள் சொன்னதை எப்படி இரகசியமாகப் பேணுவது, எங்கே எமது எல்லை முடிந்து வைத்தியரின் அல்லது சட்டத்தரணியின் வேலை தொடங்குகிறது என்பதெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டியவை. பிறர் துயரைக் கேட்டுக் கேட்டு எமது மனம் நோகாமல் காத்துக்கொள்வதும் அவற்றில் ஒன்று.

ஏன் இவ்வளவு தாமதம்?

விண்ணப்பம் போன பிறகு என்ன நடக்கிறது என்று தெரியாததால்தான் பாதி மனவேதனை. பொதுவாக, முடிவுத் திகதிக்குப் பின்னரே எல்லா விண்ணப்பங்களையும் ஒன்றாகத் திறந்து பார்ப்பார்கள். முதலில் அடிப்படைத் தகைமை உண்டா, இணைப்புகள் முழுமையா என்று பார்ப்பார்கள். அடுத்து, நேர்முகப் பரீட்சைக்கு அல்லது எழுத்துப் பரீட்சைக்கு அழைக்க வேண்டியவர்களைப் பிரிப்பார்கள். அது முடிந்த பின் தெரிவுப் பட்டியல் உரிய சபையின் அங்கீகாரம் பெற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் வாரங்கள் ஓடும். ஆகவே தாமதம் என்றால் மறுப்பு என்று எண்ணி மனம் உடைய வேண்டியதில்லை.

எமது பகுதிப் பெண்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பலருக்கு இரண்டு விலாசங்கள். இருப்பது புத்தளத்தில், அடையாள அட்டையில் இருப்பது மன்னார் அல்லது முல்லைத்தீவு. மீள்குடியேறிய குடும்பங்கள் அங்கும் இங்குமாக வாழ்கின்றன. கடிதம் ஒரு ஊருக்குப் போக, ஆள் இன்னொரு ஊரில் இருப்பார். நேர்முகப் பரீட்சை முடிந்த மறுநாள் அழைப்புக் கடிதத்தைக் கண்டவர்களும் உண்டு.

காத்திருக்கும்போது செய்யக்கூடியவை

இது நாமே கேட்டுக் காத்திருக்கும் விடயம். ஆகவே இதில் எமக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு.

முதலாவது, விண்ணப்பத்தின் பிரதியையும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும் வைத்திருங்கள். முடிவுத் திகதி கடந்து சில வாரங்களில் தொலைபேசியில் அழைத்து, விண்ணப்பம் கிடைத்ததா, இணைப்புகள் போதுமா என்று கேளுங்கள். யாருடன், எந்தத் திகதியில் பேசினீர்கள் என்று கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். இது தொந்தரவு கொடுப்பதாகாது.

இரண்டாவது, விலாசமோ தொலைபேசி இலக்கமோ மாறினால் உடனே எழுத்தில் அறிவியுங்கள். மின்னஞ்சல் கொடுத்திருந்தால் வாரம் இரு தடவையாவது திறந்து பாருங்கள். பிள்ளையின் உதவியைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

மூன்றாவது, மூலச் சான்றிதழ்களைத் தயார் செய்யுங்கள். நேர்முகப் பரீட்சையில் அவற்றைக் கேட்பார்கள். இடம்பெயர்வில் சாதாரணதர, உயர்தரச் சான்றிதழ்களைத் தொலைத்தவர்கள் பரீட்சைத் திணைக்களத்திடம் பெறுபேற்றுக்கான அத்தாட்சியைப் பெறலாம். இப்போது இணையவழியிலும் அதற்கு விண்ணப்பிக்க முடியும். பிறப்புச் சான்றிதழ் பிரதிக்குப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அழைப்பு வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

நான்காவது, உங்கள் அனுபவத்தை எழுதிப் பாருங்கள். “மக்களுக்கு உதவினேன்” என்று சொன்னால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. ஒரு சம்பவத்தை எடுங்கள். கணவர் காணாமற் போன ஒரு பெண்ணுக்கு, மரணச் சான்றிதழ் கேட்க மனம் வரவில்லை. சான்றிதழ் இல்லாமல் காணி அலுவலும் நடக்கவில்லை. 2016 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி, அவர் இறந்துவிட்டார் என்று சொல்லாமல், அவர் காணப்படவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெற வழி உண்டு என்று நீங்கள் அவருக்கு எடுத்துச் சொன்னீர்களா? யாரிடம் அழைத்துச் சென்றீர்கள்? எங்கே தடை வந்தது? எதில் பிழை விட்டீர்கள்? பிழையையும் சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் எங்கும் சொல்லாதீர்கள்.

ஐந்தாவது, கற்பிக்கும் மொழி எது என்று அறிவித்தலில் பாருங்கள். ஆங்கிலமாயின், நாளுக்கு அரை மணித்தியாலம் வாசிக்க இப்போதே தொடங்குங்கள்.

ஆறாவது, வீட்டில் இப்போதே பேசுங்கள். நிறுவகம் இருக்கும் சீதுவை, எமது புத்தளம்–கொழும்பு வீதியில்தான் உள்ளது. என்றாலும் கற்பிட்டியிலிருந்து போய்வருவது ஒரு நாள் அலுவல். அந்த நாட்களில் பிள்ளைகளை யார் பார்ப்பது, பேருந்துச் செலவு எங்கிருந்து, கட்டணத்தை எப்படிச் செலுத்துவது என்பவற்றை இப்போதே பேசி வைத்தால், கடிதம் வரும் நாளில் வீட்டில் சண்டை வராது.

எட்டு ஆண்டுகள் வழி தெரியாத பெண்

சமூகப்பணியின் முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்கப் பெண்மணி ஜேன் அடம்ஸின் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. 1881 இல் கல்லூரிப் படிப்பை முடித்தார். அதே ஆண்டில் தந்தையை இழந்தார். வைத்தியம் படிக்கச் சேர்ந்து, உடல்நலக் குறைவால் இடையில் விட்டார். அடுத்த எட்டு ஆண்டுகள் என்ன செய்வதென்று தெரியாமல் கழிந்தன. 1889 இல் தன் தோழி எலன் கேற்ஸ் ஸ்ராருடன் சேர்ந்து சிக்காகோ நகரின் ஏழைக் குடியேறிகள் நடுவே “ஹல் ஹவுஸ்” என்ற இல்லத்தைத் தொடங்கினார். 1931 இல் அவருக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஒரு வழி அடைபட்டதோடு அவரது வாழ்க்கை நின்றுவிடவில்லை.

எமது சகோதரிக்கும் “இல்லை” என்ற பதில் வரலாம். இடங்கள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். அப்படி வந்தால் அழுவதில் தவறில்லை. அழுத பிறகு, எதில் குறை என்று கேட்டு ஒரு கடிதம் எழுதலாம். அடுத்த முறை மீண்டும் விண்ணப்பிக்கலாம். இளமாணிப் பட்டம் இல்லாதவர்கள் டிப்ளோமாவிலிருந்து தொடங்கலாம். திருப்பி அனுப்பப்படுவது ஒரு விண்ணப்பம் மட்டுமே. இத்தனை ஆண்டுகள் நீங்கள் ஏறி இறங்கிய வாசற்படிகளை யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

“இந்த வயதில் படிப்பா என்று என் மாமியார் கேட்டார்” என்றார் அவர். “நான் சொன்னேன், ஏழு வயதில் என் பாடப் புத்தகங்களை விட்டுவிட்டு வந்தேன் மாமி, அதைத்தான் இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று. அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் படிக்கும்போது தேநீர் ஊற்றித் தருகிறார்.”

பகல் பதினொரு மணியளவில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டது. சகோதரி எழுந்து வாசலுக்குப் போனார். மின்சாரப் பட்டியல் ஒன்றுடன் திரும்பி வந்தார். அதை மேசையில் வைத்துவிட்டு முக்காட்டைச் சரிசெய்தார், குடையை எடுத்தார்.

பக்கத்துக் குடியேற்றத்தில் ஒரு விதவைத் தாய்க்குக் கிராம அலுவலரிடம் கடிதம் ஒன்று எடுக்க வேண்டுமாம். பன்னிரண்டு மணிக்கு முன் போக வேண்டும் என்று சொல்லி, வெயிலில் இறங்கி நடந்தார்.