நின்ற காரில் நிகழும் களவு

ஓடாத கார் பெட்ரோல் குடிப்பதில்லை. ஆனால் மின்சாரம் குடிக்கும். இரவு நன்றாக ஓடி வந்து நின்ற கார், காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்ப மறுக்கிறது. "பாட்டரி போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்கிறார்கள். நாமும் வாங்கிவிடுகிறோம். நண்பர்களே, பாட்டரியின்மீது பழி போடுமுன் சிறிது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா?

2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. முதலில் 21 நாள் என்றார்கள்; பின்பு நீண்டது. இந்தப் பெங்களூரில் வாரக்கணக்கில் நின்ற கார்கள் பல, திரும்ப எடுத்தபோது கிளம்பவில்லை. அவற்றில் எல்லாம் பழுது இருந்ததா? இருந்திருக்க வேண்டியதில்லை. எஞ்சின் அடங்கிய பின்னும் கடிகாரம், திருட்டு எச்சரிக்கைக் கருவி, சிறு கணிப்பொறிகள் ஆகியவை விழித்தே இருக்கின்றன. இவை எல்லாம் சேர்ந்து 50 மில்லியாம்பியர் வரை எடுப்பது இயல்பு. 21 நாள் என்பது 504 மணி. இரண்டையும் பெருக்கினால் 25 ஆம்பியர்-மணி. சிறிய காரின் பாட்டரி கொள்வதோ 35 முதல் 45 வரைதான். பாதிக்கு மேல் போன பிறகு எஞ்சினைச் சுழற்ற வலு ஏது?

ஆனால் ஓரிரண்டு இரவிலேயே பாட்டரி இறங்குமானால், அது இயல்பு அன்று, களவு. அணையாத 5 வாட் விளக்கு ஒன்று 0.4 ஆம்பியர் எடுக்கும். இரண்டே நாளில் பாதி பாட்டரி காலி!

கள்வனைப் பிடிக்கும் வழி எளிது. முதலில் பாட்டரியைச் சோதிக்க வேண்டும். முழுதும் ஏற்றிச் சில மணி நேரம் கழித்து அளந்தால், ஏறத்தாழ 12.6 வோல்ட் இருக்கும், 12.2 என்றால் பாதிதான் உள்ளது. தனியே கழற்றி வைத்தும் இரண்டு நாளில் இறங்கினால் குற்றம் பாட்டரியுடையதே. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் அளவில் இல்லையென்றால், மின்சாரம் சரியாக ஏறவில்லை என்று பொருள்.

இவ்விரண்டும் சரியாக இருந்தால், காரை அணைத்து, எதிர்முனைக் கம்பியைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, அக்கம்பிக்கும் பாட்டரி முனைக்கும் இடையே இணையுங்கள். அருகில் நெருப்பு கூடாது. பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். மீட்டர் இணைந்திருக்கும்போது காரைக் கிளப்பவும் கூடாது. கணிப்பொறிகள் உறங்குவதற்கு ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகும் 50 மில்லியாம்பியருக்கு மிகவும் மேலே காட்டினால், பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் எண் விழுகிறதோ, அந்தச் சுற்றில்தான் கள்வன் இருக்கிறான். எதற்கும் விழவில்லையென்றால், ஆல்டர்னேட்டரின் டயோடையும், பின்னால் நேரே பாட்டரியில் பூட்டிய கருவிகளையும் ஐயுறலாம்.

எங்கள் தெருவில் வாடகைக் கார் ஓட்டும் தருமபுரி அண்ணன் ஒருவர், ஓராண்டுக்குள் இரண்டு பாட்டரி மாற்றியவர். சென்ற மாதம் அவர் காரில் மீட்டர் வைத்தேன். 430 மில்லியாம்பியர் காட்டியது. ஒரு பியூஸை எடுத்ததும் 30 ஆயிற்று. டிக்கி மூடியின் சுவிட்சு தேய்ந்து, உள்ளே விளக்கு இரவெல்லாம் எரிந்திருக்கிறது! சிறிய சுவிட்சு ஒன்று. அதற்காக அவர் இழந்ததோ பல நாள் உழைப்பின் ஊதியம்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் காரை நிறுத்திச் செல்லுமுன் எதிர்முனையைக் கழற்றி வையுங்கள். இறங்கிய பாட்டரியை அப்படியே விட்டால் ஈயத் தகடுகளில் சல்பேட்டு இறுகி, நல்ல பாட்டரியும் கெடும். புதிது வாங்கச் சொல்வோரிடம், "அளந்து பார்த்தீர்களா?" என்று ஒரு சொல் கேளுங்கள்.