முண்ணாண் கழலையும் கைதேர்ந்த சத்திரவைத்தியரைத் தேர்தலும்

பலருக்கும் வரும் நோய்க்கு வைத்தியரைத் தேடுதல் அரிதன்று. காய்ச்சலையும் என்பு முறிவையும் நாள்தோறும் கண்டு கைபழகியோர் எங்கும் உளர். ஆனால், ஆயிரத்தில் ஒருவருக்கும் வாராத நோய்க்கு வைத்தியரைத் தேடுதல் வேறொரு கலை. நோய் அரிதாயின் அதனைக் கண்டு பழகிய கைகளும் அரியனவே. முண்ணாணின் உள்ளே தோன்றும் கழலை அத்தகைய நோய்களுள் ஒன்றாகும்.

வைத்தியத்துறையிற் பெயர்பெற்ற பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்பர். அவர் கற்றதை அவருக்கே எடுத்துரைப்பது எம் கருத்தன்று. நோயாளியின் கட்டிலருகே கலங்கி நிற்கும் தந்தைக்கும் தமையனுக்கும் பயன்படுமாறு சில விளக்கங்களைக் கூறவே முற்படுகின்றோம்.

நோயின் இயல்பு

முள்ளந்தண்டு என்புகளாலான தூண். அத்தூணின் நடுவே அமைந்த கால்வாயில், மூளையின் தொடர்ச்சியாய் இறங்குவது முண்ணாண். வளர்ந்தவரில் அதன் நீளம் ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர், பருமனோ சிறுவிரலளவே. அதிலிருந்து 31 சோடி நரம்புகள் கிளைக்கின்றன. மூளையின் ஏவல் கைகால்களுக்குச் செல்வதும், சூடு, குளிர், நோவு என்னும் செய்திகள் மூளைக்கு மீள்வதும், மலசலம் எமது கட்டுப்பாட்டில் நிற்பதும் இச்சிறு நாணின் வழியாகவே.

கழலை முண்ணாணுக்கு வெளியே தோன்றி அதனை நெருக்குவதும் உண்டு. உள்ளேயே தோன்றி வளர்வதும் உண்டு. வளர்ந்தோரில், மூளையிலும் முண்ணாணிலும் தோன்றும் கழலைகளுள் நூற்றுக்கு 2 முதல் 4 வரையே இவ்வுள்வகையைச் சார்ந்தவை. வளர்ந்தோரிற் பெரிதும் காணப்படுவது எபென்டைமோமா. சிறுவரிற் பெரிதும் காணப்படுவது அஸ்ற்றோசைற்றோமா. முன்னையதற்கும் நல்ல நரம்பிழைகளுக்கும் இடையே பெரும்பாலும் ஓர் எல்லை தென்படும். அவ்வெல்லையைப் பற்றிச் செல்லத் தெரிந்த கை அதனை முழுதாக எடுத்துவிடலாம். பின்னையது இழைகளுக்கிடையே வேரோடிப் பரவுவது. அதனை முற்றாகப் பறிக்க முயன்றால் நல்ல இழைகளும் உடன் அறும். எங்கே தொடர்வது, எங்கே நிறுத்துவது என்னும் தெளிவு நூலறிவால் மட்டும் வருவதன்று. பலமுறை செய்து பெறுவது.

இந்நோய் பெரும்பாலும் மெல்லவே வளரும். முதுகு நோவு, அதுவும் இரவிற் படுக்கும்போது மிகும் நோவு, கைகால் விறைப்பு, நடையிலே தள்ளாட்டம், பின்னர்ச் சிறுநீர்த் தடை என அறிகுறிகள் ஒவ்வொன்றாய் வரும். வாதமென்றும் என்புத் தேய்வென்றும் எண்ணி மாதங்கள் கழிந்துவிடுவதுண்டு. எம். ஆர். ஐ. படமே இன்று இதனைத் தெளிவாகக் காட்டுவது.

அனுபவம் வளர்ந்த வரலாறு

1887ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், லண்டனில், பல வைத்தியரிடம் அலைந்து களைத்த இராணுவ அதிகாரி ஒருவரை நரம்பியல் வைத்தியர் வில்லியம் கவர்ஸ் சோதித்து, முண்ணாணைக் கழலை நெருக்குகின்றது எனத் துணிந்தார். சத்திரசிகிச்சையைச் செய்தவர் விக்ரர் ஹோர்ஸ்லி. அப்பொழுது அவருக்கு வயது 30. முதலில் திறந்த இடத்திற் கழலை காணப்படவில்லை. மனந்தளராது மேலும் உயரத் திறந்தபோது அது வெளிப்பட்டது. நோயாளி மீண்டும் நடந்தார். அது முண்ணாணுக்கு வெளியே இருந்த கழலை. உள்ளே இருந்த கழலையை வெற்றியுடன் அகற்றிய பெருமை 1907இல் வியன்னாவில் அன்ரன் வொன் ஐசெல்ஸ்பேர்க் என்பாருக்கு உரியது. நியூயோர்க்கில் சாள்ஸ் எல்ஸ்பேர்க் 1911இல் ஒரு புதுமுறையை வெளியிட்டார்: முதல்நாள் முண்ணாணை மெல்லக் கீறி விட்டுவிடுவது, கழலை தானே வெளித்தள்ளி வந்தபின், ஒரு கிழமையளவில் மீண்டும் திறந்து எடுப்பது.

இவ்வாறு வழி திறந்தும், பல்லாண்டுகளாகப் பெரும்பாலோர் சிறுதுண்டொன்றை வெட்டிச் சோதித்து, என்பைத் திறந்து நெருக்கத்தைத் தளர்த்திக் கதிர்ச்சிகிச்சை அளிப்பதோடு அமைந்தனர். 1980களில் நியூயோர்க்கில் பிரெட் எப்ஸ்ரைன் என்னும் வைத்தியர், தொடவொண்ணாதவை எனக் கைவிடப்பட்ட சிறுவரின் முண்ணாண் கழலைகளை, மீயொலியால் நொறுக்கி உறிஞ்சும் கருவிகொண்டு அகற்றலானார். பல நாட்டுப் பெற்றோர் அவரை நாடிச் சென்றனர். பள்ளிப் பருவத்திற் கற்றலில் இடர்ப்பட்ட அவர், அத்துறையிலே உலகறிந்த ஆசானாக விளங்கி 2006இற் காலமானார்.

ஹோர்ஸ்லியின் நோயாளி, “இதனை இதற்குமுன் எத்தனை முறை செய்தீர்?” என்று வினவியிருந்தாற் பயன் விளைந்திராது, அத்தகைய கழலையை வெற்றியாக அகற்றியவர் அதற்குமுன் எவருமிலர். இன்றோ நூறாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் உண்டு. ஆயின் அது எல்லாக் கைகளிலும் பரந்து கிடப்பதன்று. சில கைகளிலே திரண்டு கிடப்பது. அக்கைகளைக் கண்டுபிடிப்பதே நோயாளி வீட்டாரின் முதற் கடமை.

வினவ வேண்டியவை

எம்மவர் வைத்தியரைத் தேரும் முறை யாவரும் அறிந்ததே. எங்கள் ஊரவர், எங்கள் உறவினர், பெரிய பெயர் எடுத்தவர் என்பனவே அளவுகோல்கள். பழைய மாணவர் மலரிலே இதனைச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். எனினும் சொல்கின்றோம்: எங்கள் கல்லூரிப் பிள்ளை என்பதும் இவ்விடயத்தில் ஒரு தகுதியன்று. மூளைச் சத்திரசிகிச்சையிற் புகழ்பெற்றவரும் முண்ணாணின் உள்ளே ஆண்டுக்கு ஒருமுறையேனும் கை வையாதவராய் இருக்கலாம்.

ஆகவே பணிவோடும் அச்சமின்றியும் சில வினாக்களைக் கேட்டல் வேண்டும். முதுகுச் சத்திரசிகிச்சை பொதுவாக எத்தனை என்பதன்று. முண்ணாணின் உள்ளே தோன்றிய கழலைகள் எத்தனையை நீங்கள் அகற்றியிருக்கிறீர்கள்? சென்ற ஆண்டில் எத்தனை? அவர்கள் ஓராண்டின் பின் எவ்வாறு நடக்கிறார்கள்? முழுதாக எடுப்பது நோக்கமா, பகுதியாகவா? நுணுக்குக்காட்டியின் கீழ் அறுக்கும்போது நரம்புச் செய்திகளை இடையறாது அளக்கும் கருவி உண்டா? அதனைக் கவனிப்பவர் யார்? இப்பொழுது அறுக்காவிடின் என்ன நேரும்? வேறொரு நிபுணரின் கருத்தையும் கேட்கலாமா?

தேர்ந்தவர் இவ்வினாக்களாற் சினப்பதில்லை. தம் வெற்றிகளோடு தோல்விகளையும் எண்ணிக் கூறுவார். சிறிதாய், துன்பம் தராது இருக்கும் கழலையாயின், “இப்பொழுது வேண்டாம், படமெடுத்துக் காவலிருப்போம்” என்றும் சொல்வார். “ஒன்றுமில்லை, நாளைக்கே எழுந்து நடப்பார்” என்று உறுதியளிப்பவரிடம் எச்சரிக்கை வேண்டும். முண்ணாணைத் திறந்தபின் விறைப்பும் தளர்ச்சியும் சிலகாலம் மிகுதல் இயல்பு. கால் எங்கே ஊன்றுகிறது என்னும் உணர்வு குறைந்து, நடையை மீளப் பயில நேரும். இதனை முன்கூட்டியே சொல்பவரே நம்பத்தக்கவர்.

முதற் சத்திரசிகிச்சையே சிறந்த வாய்ப்பு. மறுமுறை திறக்கும்போது தழும்பு எல்லைகளை மறைத்துவிடும். ஆதலால் “இங்கே ஒருமுறை செய்துபார்ப்போம், சரிவராவிடிற் பெரியவரிடம் போவோம்” என்னும் எண்ணம் தீங்கானது. அவ்வாறே காலந்தாழ்த்தலும் தீங்கானது. சத்திரசிகிச்சைக்குமுன் நடக்கக்கூடியவர் பின்னரும் நடக்கும் வாய்ப்பு மிகுதி. இழந்த வலிமை முழுதாய் மீள்வது அரிது. தேடுதல் கிழமைக் கணக்கில் முடிதல் வேண்டும். ஆண்டுக் கணக்கில் நீளலாகாது. கால்கள் விரைந்து சோர்ந்தாலோ சிறுநீர் அடைபட்டாலோ, தேடுதலை விடுத்து அண்மையிலுள்ள பெரிய வைத்தியசாலைக்கு அன்றே செல்லல் வேண்டும்.

எம். ஆர். ஐ. படங்களின் பிரதி ஒன்று எப்பொழுதும் வீட்டில் இருக்கட்டும். இன்று படங்கள் கடல்கடந்து ஒரு நொடியிற் செல்கின்றன. நகையை அடைவுவைத்தும் காணியை விற்றும் நோயாளியைக் கடல் கடத்துமுன், படத்தை அனுப்பிக் கருத்தறியலாம். உள்நாட்டு நிபுணரே போதும் என்னும் விடையும் வரலாம். பிறநாடுகளிற் பணிபுரியும் பழைய மாணவ வைத்தியர் இங்கேதான் பேருதவி புரியக்கூடும்: தமக்கு வேண்டியவரைக் காட்டாது, இவ்வகைக் கழலையை மிகுதியாய்க் கண்டவர் யார் என விசாரித்துச் சொல்வாராயின், அதுவே கல்லூரிக்குச் செய்யும் தொண்டு.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து உதவுவோர் என வைத்தியத்தை நான்காய் வகுத்தார். நான்காமவரும் வைத்தியத்தின் ஓர் உறுப்பேயாதலின், வினாவுதலும் தேர்தலும் அவர் கடமையாகின்றன.

விஞ்ஞானப் பிரிவிற் பயிலும் எம் மாணவருக்கும் ஒரு சொல். நாளை உங்களுட் சிலர் சத்திரவைத்தியர் ஆவீர்கள். அரிய நோயோடு ஒருவர் உங்களை நாடி வரும்போது, “இதனை நான் இரண்டு முறையே செய்தேன்; இருநூறு முறை செய்தவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் செல்லுங்கள்” என்று கூறும் நெஞ்சுரம் உங்களுக்கு வேண்டும். அச்சொல்லால் உங்கள் புகழ் குறையாது; ஒரு மனிதர் தம் காலால் நடந்து வீடு சேர்வார்.