பூனைக்கு ஒரு மரம்

உங்கள் வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா? அப்படியானால் நாற்காலிக் காலிலோ கதவு நிலையிலோ நெடுக்காக ஓடும் கீறல்களைப் பார்த்திருப்பீர்கள். வைது விரட்டினால் ஓடிவிடும். சற்று நேரத்தில் திரும்பி வந்து அதே இடத்தில் கீறும். இது குறும்பு அன்று. பூனையின் உடலுக்கு அது தேவைப்படுகிறது.

அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்கு ஏறவும் கீறவும் மரம் கிடையாது. கயிறு சுற்றிய தூணும், அதன்மேல் தட்டுகளும் கொண்ட 'பூனை மரம்' இதற்காகவே கடைகளில் விற்கப்படுகிறது. எதை வாங்குவது? அதற்குமுன் பூனையின் காலைச் சற்றுக் கவனிப்போம்.

பூனைக்கு முன்கால்களில் ஐந்தைந்தும் பின்கால்களில் நான்கு நான்குமாக மொத்தம் 18 நகங்கள் உண்டு. ஒவ்வொரு நகமும் விரலின் கடைசி எலும்போடு சேர்ந்தது. ஓய்வு நேரத்தில், மீள்தன்மையுள்ள நார் ஒன்று அந்த எலும்பை மேல்நோக்கி மடக்கி வைக்கிறது. அதனால்தான் பூனை நடக்கும்போது ஓசை கேட்பதில்லை; நகமும் தரையில் உரசி மழுங்குவதில்லை. காலிலுள்ள தசை சுருங்கித் தசைநாணை இழுத்தால் நகம் வெளியே நீள்கிறது.

இந்த நகம் அடுக்கடுக்காக வளர்வது. பழைய மேலடுக்கைக் கழற்றினால்தான் உள்ளே இருக்கும் கூரிய நகம் வெளிப்படும். சொரசொரப்பான பொருளில் ஊன்றி இழுக்கும்போது அது உறைபோலக் கழன்று விழுகிறது. கீறும் இடத்துக்கு அடியில் பிறை வடிவத் துணுக்குகள் கிடந்தால், நகம் பிய்ந்துவிட்டதென்று அஞ்ச வேண்டியதில்லை. தவிர, பாதத்தில் மணச் சுரப்பிகள் இருக்கின்றன. 'இது என் இடம்' என்று மற்றப் பூனைகளுக்குத் தெரிவிப்பதும் இந்தக் கீறல்தான்.

இதை அறியாமல் நாற்காலியைக் காப்பாற்ற நகத்தையே எடுத்துவிடும் வழக்கம் அமெரிக்காவில் பரவியிருந்தது. நகத்தை எடுப்பது என்றால் விரலின் கடைசி எலும்பையும் சேர்த்து வெட்டுவது. நம் விரல் நுனிகளைக் கடைசிக் கணுவோடு வெட்டினால் எப்படியிருக்கும்! அந்நாட்டு மாநிலங்களில் முதலாவதாக நியூயார்க் 2019இல் இதைத் தடை செய்தது. நல்ல தூண் ஒன்று இருந்தால் இந்தக் கொடுமைக்கு வேலையே இல்லை.

முதலில் உயரம். பூனை சுவரில் முன்கால்களை ஊன்றி நன்றாகச் சோம்பல் முறிக்கும்போது, தரையிலிருந்து அதன் பாதம் எட்டும் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். கயிறு சுற்றிய பகுதி அதைவிட உயரமாக இருக்க வேண்டும். குட்டைத் தூணைப் பூனை திரும்பிப் பார்க்காது.

உயரத்தைவிட முக்கியமானது உறுதி. இதை ஒரு கணக்கால் விளக்கலாம். மரத்தின் எடை 6 கிலோகிராம். அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அடித்தட்டு 40 செ.மீ. சதுரம். இது சுமார் 34 பாகை சாய்ந்தால்தான் கவிழும். இப்போது 4 கிலோகிராம் பூனை 90 செ.மீ. உயரத்தில் ஏறி உட்காருகிறது. இரண்டுக்கும் பொதுவான ஈர்ப்பு மையம் 54 செ.மீ. உயரத்துக்குப் போய்விடும்; 20 பாகை சாய்ந்தாலே போதும், மரம் விழும். அதே எடையில் அடித்தட்டை மட்டும் 60 செ.மீ. ஆக்கினால் 29 பாகை வரை தாங்கும். பூனையோ சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. முன்னே தாவும்போது தட்டைப் பின்னே உதைக்கிறது. ஒருமுறை ஆடிப் பயமுறுத்திய மரத்தில் அது மறுபடி ஏறுவது அரிது. ஆகவே கடையில் உச்சித் தட்டைக் கையால் தள்ளிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம், அல்லது வீட்டில் சுவரோடு சேர்த்துத் திருகாணியால் பிணைத்துவிடுங்கள்.

அடுத்து, இறங்கும் வழி. அணில் தலைகீழாக மரத்திலிருந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பின்பாதம் பின்னோக்கித் திரும்பும். நகம் பட்டையைப் பிடித்துக்கொள்ளும். தென் அமெரிக்காவின் மார்கே என்ற காட்டுப்பூனைக்கும் இது முடியும். வீட்டுப் பூனைக்கு முடியாது. அதன் வளைந்த நகங்கள் ஏறும்போது கொக்கியாகப் பற்றும். தலைகீழாக இறங்கினால் பற்றா. தென்னையில் விறுவிறுவென்று ஏறிய பூனை உச்சியில் உட்கார்ந்து கத்துவது இதனால்தான். எனவே ஒரே தூணும் உச்சியில் ஒரு தட்டும் உள்ள மரத்தைவிட, படிபோல இடையிடையே தட்டுகள் வைத்த மரமே மேல். குட்டிக்கும் கிழப்பூனைக்கும் இது மிகவும் வேண்டும்.

பஞ்சுத் துணியும் பொம்மையும் நம் கண்ணுக்காக வைத்தவை. தூணில் சுற்றியிருப்பது பெரும்பாலும் சிசல் என்னும் கற்றாழை நார்க் கயிறு. மெக்சிகோவின் யுகடான் பகுதியிலுள்ள ஒரு துறைமுகத்தின் பெயர் அது. தச்சரிடம் கனமான கட்டையும் அகலப் பலகையும் வாங்கித் தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினாலும் பூனை குறை சொல்லாது. ஆணி முனை மட்டும் வெளியே நீட்டக் கூடாது.

மரத்தை மூலையில் ஒளித்து வைக்காமல், பூனை இப்போது கீறும் இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். தூங்கி எழுந்ததும் கீறுவது அதன் வழக்கம். படுக்கும் இடத்துக்கு அருகே என்றாலும் சரி. சில மாதங்களில் கயிறு பிசிறு பிசிறாகிப் பார்க்க அசிங்கமாகிவிடும். உடனே தூக்கி எறியாதீர்கள். தன் மணம் ஏறிய அந்தத் தூண்தான் பூனைக்குப் பிடித்தது. கயிறு அறுந்து தொங்கும் பகுதியில் மட்டும் புதுக் கயிறு சுற்றினால் போதும்.