‘ஸ்பைடர்மேன்’: முதல் பாகத்தை மிஞ்சியதா இரண்டாம் பாகம்?

2021ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்’ படத்தில் கிரீன் கோப்ளின், டாக்டர் ஆக்டோபஸ் ஆகிய பழைய வில்லன்கள் திரும்பி வந்தனர். அவ்விருவரும் திரையில் அறிமுகமான படங்கள் வெளியானபோது இன்றைய உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பிறந்திருக்கவே மாட்டார்கள். சாம் ரைமி இயக்கத்தில் டோபி மெக்குவயர் நடித்த ‘ஸ்பைடர்மேன்’ 2002லும் ‘ஸ்பைடர்மேன் 2’ 2004லும் திரைக்கு வந்தன.

ஒரு படம் வெற்றி பெற்றால் அதே கதையை இன்னும் அதிகச் செலவில் மறுபடியும் எடுப்பதுதான் இரண்டாம் பாகம் என்ற எண்ணம் ரசிகர்களிடையே உண்டு. அந்த எண்ணத்தைப் பொய்யாக்கிய படமாக ‘ஸ்பைடர்மேன் 2’ அடிக்கடி குறிப்பிடப்படுகிறது. அந்தப் பெயருக்கு அது உண்மையிலேயே தகுதியானதா? இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

சக்தி கிடைத்த மகிழ்ச்சி

முதல் பாகத்தின் பெரிய பலம் அதன் உற்சாகம். கூச்ச சுபாவமுள்ள மாணவன் பீட்டர் பார்க்கரைச் சிலந்தி கடிக்கிறது. மறுநாள் கண்ணாடி இல்லாமலே பார்வை தெளிகிறது. சுவரில் ஏற முடிகிறது. கட்டடம் விட்டுக் கட்டடம் தாவ முடிகிறது. அந்த வியப்பை நாமும் அவனுடன் சேர்ந்து அனுபவிக்கிறோம்.

பிறகு வருகிறது அடி. தன்னை ஏமாற்றியவரிடம் கொள்ளையடித்து ஓடும் திருடனைப் பீட்டர் தடுக்காமல் வழிவிடுகிறான். அதே திருடனால் அவனுடைய பென் மாமா உயிரிழக்கிறார். சக்தி இருந்தால் மட்டும் போதாது, பொறுப்பும் வேண்டும் என்ற பாடத்தை அவன் அங்குதான் கற்கிறான்.

வெளியான முதல் வார இறுதியிலேயே அமெரிக்காவில் 100 மில்லியன் டாலர் வசூலைத் தாண்டிய முதல் படம் இதுதான். ஆனாலும் குறை இல்லாமல் இல்லை. வில்லெம் டஃபோ மிகச் சிறந்த நடிகர். அவர் முகத்தைக் கெட்டியான பச்சை முகமூடிக்குள் மறைத்துவிட்டனர். முகமூடி அணிந்த இருவர் பேசிக்கொள்ளும் காட்சிகளில் உணர்ச்சி நம்மிடம் வந்து சேர்வதில்லை.

வேலையும் இல்லை, வாடகையும் கட்டவில்லை

இரண்டாம் பாகம் தொடங்கும்போது பீட்டர் பல்கலைக்கழக மாணவன். பீட்சா விநியோகிக்கும் பகுதிநேர வேலை செய்கிறான். வழியில் ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றப் போய்த் தாமதமாகி, வேலையை இழக்கிறான். வகுப்புக்கு நேரத்துடன் வருவதில்லை என்று பேராசிரியர் கடிந்துகொள்கிறார். வீட்டு உரிமையாளர் வாடகை கேட்டு வாசலில் நிற்கிறார். மே மாமியின் வீட்டை வங்கி எடுத்துக்கொள்ளும் நிலை. மேரி ஜேன் நடிக்கும் நாடகத்துக்குக்கூட நேரத்திற்குப் போக முடியவில்லை.

முதல் பாகம் பொறுப்பைப் பற்றிச் சொன்னது. இரண்டாம் பாகம் அந்தப் பொறுப்புக்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறது. படிப்பு, பகுதிநேர வேலை, குடும்பம் மூன்றையும் ஒரே நேரத்தில் சுமக்கும் இளையர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

மனம் சோர்ந்த பீட்டரிடமிருந்து சக்தியும் விலகத் தொடங்குகிறது. அவன் உடையைக் குப்பைத்தொட்டியில் வீசிவிட்டு நடக்கிறான். 1967ல் வந்த ‘தி அமேசிங் ஸ்பைடர்மேன்’ 50வது இதழிலிருந்து எடுத்தாளப்பட்ட காட்சி இது. அதன்பின் வாழ்க்கை சீராகிறது, படிப்பிலும் முன்னேறுகிறான். ஆனால், தெருவில் ஒருவரைச் சிலர் அடிப்பதைப் பார்த்தும் பார்க்காததுபோல் திரும்பி நடக்கிறான். முதல் பாகத்தில் திருடனுக்கு வழிவிட்ட அதே பீட்டர் மீண்டும் தலைகாட்டுகிறான்.

வில்லனுக்கும் ஒரு முகம்

ஆல்ஃபிரட் மொலினா நடித்த டாக்டர் ஆக்டோபஸுக்கு முகமூடி கிடையாது. அவர் முதலில் பீட்டருக்கு அறிவுரை கூறும் நல்ல அறிவியலாளர். சோதனை தோல்வியடைந்து மனைவியை இழந்த பிறகே தடம் மாறுகிறார். முதுகில் ஒட்டிக்கொண்ட நான்கு இயந்திரக் கைகளைக் கணினி வரைகலையால் மட்டும் உருவாக்காமல், பல காட்சிகளில் பொம்மலாட்டக் கலைஞர்களை வைத்தும் இயக்கினர். அதனால் அவை உயிருள்ளவைபோல் தெரிகின்றன. சிறந்த காட்சி அமைப்புகளுக்கான ஆஸ்கார் விருதையும் படம் வென்றது.

ரயில் காட்சி இன்றும் பேசப்படுகிறது. ஓடும் ரயிலைத் தன் உடல் பலத்தால் நிறுத்திவிட்டுப் பீட்டர் மயங்கி விழுகிறான். பயணிகள் அவனைக் கைகளில் தாங்கி உள்ளே கொண்டுபோகின்றனர். முகமூடி இல்லாத முகத்தைப் பார்த்து, இவன் சின்னப் பையனாயிற்றே என்று திகைக்கின்றனர். முதல் பாகத்திலும் பாலத்தின் மேலிருந்து மக்கள் வில்லன்மீது பொருள்களை வீசி உதவினர். இங்கோ அவனுக்கு முன்னால் வந்து நின்று வில்லனை மறிக்கின்றனர். காப்பாற்றப்பட்டவர்களே காவலர்களாக மாறும் இடம் அது.

குறைகளும் உண்டு

இரண்டாம் பாகத்தில் காதல் காட்சிகள் சில இடங்களில் இழுக்கின்றன. செயற்கைச் சூரியனை ஆற்றில் மூழ்கடித்து அணைப்பதை அறிவியல் மாணவர்கள் ஏற்கமாட்டார்கள். நண்பன் ஹேரியின் கதை அடுத்த பாகத்துக்கு விளம்பரம்போல் முடிகிறது. உலகளவில் முதல் பாகம் 800 மில்லியன் டாலருக்குமேல் வசூலித்தது. அதைவிட அதிகச் செலவில் எடுத்த இரண்டாம் பாகம் அந்தத் தொகையை எட்டவில்லை. ஆனால், முதல் பாகத்துக்கு நான்கில் இரண்டரை நட்சத்திரங்கள் மட்டும் கொடுத்த புகழ்பெற்ற அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட், இரண்டாம் பாகத்துக்கு நான்கு நட்சத்திரங்களையும் கொடுத்தார்.

2007ல் வந்த மூன்றாம் பாகத்தில் ஒன்றுக்கு மூன்று வில்லன்கள். இருந்தும் விமர்சகர்களிடம் அதற்கு இரண்டாம் பாகத்தின் மதிப்பு கிடைக்கவில்லை. எண்ணிக்கை கூடினால் தரமும் கூடும் என்பதில்லை.

எது சிறந்தது?

இரண்டாம் பாகமே சிறந்தது. ஆனால், அது முதல் பாகத்தின் தோள்மீது நின்றே உயர்ந்தது. மாமாவின் மரணத்துக்குத் தானும் காரணம் என்று பீட்டர் சாப்பாட்டு மேசையில் மாமியிடம் ஒப்புக்கொள்கிறான். மாமி எதுவும் பேசாமல் தன் கையை விலக்கிக்கொண்டு எழுந்து போகிறார். சண்டையே இல்லாத அந்தக் காட்சிதான் படத்தில் மிகவும் வலிக்கிறது. முதல் பாகத்தைப் பார்க்காதவர்களுக்கு அந்த வலியின் பாதிதான் தெரியும்.

எனவே, விடுமுறையில் இப்படங்களைப் பார்க்க நினைக்கும் இளையர்கள் இரண்டாம் பாகத்துக்கு நேராகத் தாவ வேண்டாம். இரண்டு மாலைகளை ஒதுக்கி, வரிசையாகப் பாருங்கள். நல்ல இரண்டாம் பாகம் முதல் பாகத்தின் கேள்வியை மறக்காமல், அதைவிடக் கடினமாகக் கேட்கும் என்பது விளங்கும்.