தொண்ணூறு ரூபாய் மலிவா?

“டீச்சர், நானூறு ரூவாய்ல இருந்த ஷேருங்க. இப்பத் தொண்ணூறுக்கு வந்திருச்சுங்க. வாங்கிப் போட்டுறலாமுங்களா?”

கேட்டவர் பிளஸ் டூ-வில் என்னிடம் கணக்குப்பதிவியல் படித்தவர். இப்போது ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறார். “அந்தக் கம்பெனி என்ன தொழில் பண்ணுது கண்ணு? கடன் எவ்வளவு இருக்கு?” என்று கேட்டேன். இரண்டுமே அவருக்குத் தெரியவில்லை. மண்டியில் ஒரு மூட்டை வாங்குவதென்றால் விரலி மஞ்சளை ஒடித்து உள்நிறம் பார்க்காமல் விலை சொல்ல மாட்டார். பங்கை மட்டும் வாட்ஸ்அப்பில் வந்த பெயரை நம்பி வாங்கத் தயாராக இருந்தார்.

நானூறு தொண்ணூறானது என்றால், நேற்று ஒருவர் கொடுத்த விலையை இன்று யாரும் கொடுக்கவில்லை என்று மட்டும்தான் பொருள். மலிவா இல்லையா என்பதற்கு அதில் விடை கிடையாது. ஒரு பங்குக்கு ஆண்டில் 1 ரூபாய் சம்பாதிக்கும் நிறுவனத்தின் பங்கு 90 ரூபாய் என்றால், விலையை அந்தச் சம்பாத்தியத்தால் வகுத்தால் வரும் பிஇ விகிதம் 90. பங்குக்கு 90 ரூபாய் சம்பாதிக்கும் நிறுவனத்தின் பங்கு 900 ரூபாய்க்குக் கிடைத்தால், பிஇ வெறும் 10. விலை பத்து மடங்கு இருந்தாலும் இரண்டாவதுதான் மலிவு. பங்கு என்பது ஒரு தொழிலில் நமக்குள்ள சிறு உரிமை. அந்த உரிமை எவ்வளவு பெறும் என்று முதலில் கணக்குப் போட்டு, அதைவிடக் கணிசமாகக் குறைந்த விலையில் கிடைக்கும்போது மட்டும் வாங்குவதே மதிப்பு முதலீடு.

இதை ஒரு பாடமாக எழுதி வைத்தவர் பெஞ்சமின் கிரஹாம். 1894-ல் லண்டனில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். 1907-ல் வந்த நிதி நெருக்கடியில் அம்மாவின் சேமிப்பும் கரைந்தது. அவருடைய கோட்பாடுகளைச் சொல்வதைவிட, 1926-ல் அவர் செய்த ஒரு வேலையைச் சொன்னால் எல்லாம் விளங்கிவிடும் என்பது என் அனுபவம்.

ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தை 1911-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பல துண்டுகளாக உடைத்தது. அப்படிப் பிரிந்தவற்றில் நார்தர்ன் பைப் லைன் ஒன்று. குழாய் வழியே எண்ணெய் கொண்டுசெல்லும் சின்ன நிறுவனம். பங்குதாரர்களுக்கு அது வெளியிட்ட கணக்கில் விவரமே இருக்காது. ஆனால் வாஷிங்டனில் இருந்த போக்குவரத்து ஒழுங்காணையத்திடம் ஆண்டுதோறும் முழுக் கணக்கையும் கொடுத்தாக வேண்டும். அந்தக் கோப்புகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் எவரும் பார்த்ததில்லை. கிரஹாம் ரயிலேறி வாஷிங்டன் போய் அவற்றைப் புரட்டினார். பங்கு விலை 65 டாலர். நிறுவனத்திடமோ ரயில்வே கடன் பத்திரங்களும் மற்ற முதலீடுகளுமாகப் பங்குக்குச் சுமார் 95 டாலர் சும்மா கிடந்தது. குழாய்த் தொழில் அதற்குமேல்.

பலர் இந்தக் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியம் இதன் பின்பாதிதான். அந்தப் பணம் நிறுவனத்தின் பெட்டியில் இருக்கிறது, பங்குதாரர் கைக்கு வர வேண்டுமே? கிரஹாம் பங்குகளை வாங்கிச் சேர்த்துக்கொண்டு நிர்வாகத்திடம் போய்க் கேட்டார். குழாய்த் தொழிலின் நுணுக்கம் உங்களுக்குத் தெரியாது என்று அனுப்பிவிட்டார்கள். 1927 ஜனவரியில் பென்சில்வேனியாவின் ஆயில் சிட்டியில் நடந்த பங்குதாரர் கூட்டத்துக்குத் தனியாகப் போனார். அவர் கொண்டுவந்த தீர்மானத்தை வழிமொழியக்கூட ஆளில்லை. அடுத்த ஆண்டு, மற்ற பங்குதாரர்களின் வாக்குரிமைக் கடிதங்களைத் திரட்டிக்கொண்டு வந்து இரண்டு இயக்குநர் இடங்களைப் பிடித்தார். சில காலத்துக்குள் நிறுவனமே பங்குக்கு 70 டாலரைப் பங்குதாரர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது.

ஆக, ஒரு பங்கை எடை போடும்போது நான் மூன்று கேள்விகள் கேட்பேன். உள்ளே என்ன இருக்கிறது? அது உண்மைதானா? அது பங்குதாரர் கைக்கு வருமா?

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. 2024 அக்டோபர் 29 அன்று எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பெயர் தமிழ்நாட்டுச் செய்தி சேனல்கள் வரைக்கும் ஓடியது. அதற்கு முன் பட்டியலில் அதன் விலை 3 ரூபாய் 53 காசு. பங்குச் சந்தை ஒழுங்காணையமான செபியின் புதிய விதிப்படி நடந்த சிறப்பு ஏலத்தைத் தொடர்ந்து ஒரே நாளில் 2,36,250 ரூபாய் ஆனது. மந்திரம் ஏதுமில்லை. அந்த நிறுவனம் ஆசியன் பெயின்ட்ஸ் பங்குகளைப் பெருமளவில் வைத்திருக்கிறது, எல்சிட் பங்கு ஒன்றின் புத்தக மதிப்பே அப்போது 5.8 லட்சம் ரூபாயைத் தாண்டியிருந்தது. இது ஆண்டறிக்கையில் வெளிப்படையாக இருந்த விஷயம். வைத்திருந்தவர்கள் 3 ரூபாய்க்கு விற்க மாட்டார்கள் என்பதால் வியாபாரமே நடக்காமல் கிடந்தது. ஆனால் ஏலத்தில் வந்த விலையும் புத்தக மதிப்பில் பாதியை எட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். முக்கால் பங்கு நிறுவனர்களிடம் இருக்கும்போது, வெளியில் இருப்பவர்கள் எத்தனை பேர் கூடினாலும் அந்தச் சொத்தைப் பிரித்துக் கொடுக்க வைக்க முடியாது. அந்த உண்மையைச் சந்தை விலையில் கழித்துக்கொள்கிறது.

இரண்டாவது கேள்விக்கு நம் நாட்டில் மென்பொருள் நிறுவனமான சத்யம் கம்ப்யூட்டர்ஸைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை. 2008 செப்டம்பர் கணக்கில் ரொக்கமும் வங்கி இருப்புமாக ஐயாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் காட்டியிருந்தார்கள். 2009 ஜனவரி 7 அன்று நிறுவனர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்றார். அன்றைக்கே பங்கு விலை முக்கால்வாசிக்கு மேல் விழுந்தது. வெளியிட்ட கணக்கை மட்டும் பார்த்திருந்தால் சத்யம் ஒரு பணக்கார நிறுவனம். ஆனால் நிறுவனரின் கையிருப்புப் பங்கு ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வந்தது. 2008 டிசம்பரில், இருப்பதாகச் சொன்ன பணத்தைக் கொண்டு ராஜு குடும்பத்தாரின் இரண்டு நிறுவனங்களை வாங்கப் பார்த்தார்கள், பங்குதாரர்கள் கொதித்ததால் கைவிட்டார்கள். இவை இரண்டும் ஊருக்கே தெரிந்த தகவல்கள். இருப்புநிலைக் குறிப்பில் பெரிய தொகை தெரிந்தால், உரிமையாளர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் கேள்விக்கு மறுபடி வருகிறேன். கிரஹாமின் மாணவர் வாரன் பஃபெட் அதைச் சற்று மாற்றிப் போட்டார். 1972-ல் கலிபோர்னியாவின் சீஸ் கேண்டீஸ் என்ற மிட்டாய் நிறுவனத்தை அவர் சார்ந்த நிறுவனம் 2.5 கோடி டாலருக்கு வாங்கியது. கண்ணால் பார்க்கக்கூடிய நிகரச் சொத்து 80 லட்சம் டாலர்தான். கிரஹாமின் கண்டிப்பான அளவுகோலில் அது அதிக விலை. ஆனால் அந்த 80 லட்சத்தை வைத்து, வரி போக ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் சம்பாதித்தது அந்தக் கடை. நூற்றுக்கு 25. அந்தத் தொழிலில் சாதாரணமாகக் கிடைக்கும் வருமானம் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 8 லட்சம் போக மீதி 12 லட்சம், வாடிக்கையாளர்கள் அந்தப் பெயர்மேல் வைத்த பிரியத்தால் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் கூட்டாண்மைப் பாடத்தில் நற்பெயரை மதிப்பிட உயர் இலாப முறை என்று ஒன்று நடத்துகிறோமே, அதே கணக்கு! தேர்வுக்காக எழுதிவிட்டு மறந்துபோகும் பிள்ளைகளிடம் இந்த மிட்டாய்க் கடையை நான் சொல்லாமல் விடுவதே இல்லை. முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், அதைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு பார்த்தபின்னும் நம் கணக்கு தவறலாம். அதனால்தான் கிரஹாம் பாதுகாப்பு இடைவெளி என்பதை வற்புறுத்தினார். ஒரு பங்கு 100 ரூபாய் பெறும் என்று நமக்குத் தோன்றினால் 95-க்கு வாங்கக் கூடாது, 60, 65-க்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட விலை வராமல் போகாது. 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 3,935 புள்ளிகள் சரிந்தது. நல்ல நிறுவனங்களும் கெட்டவையோடு சேர்ந்து விழுந்தன. அன்று வாங்க முடிந்தவர்கள், அதற்கு முன்பே படித்து முடித்து, மதிப்பைத் தாளில் எழுதி வைத்திருந்தவர்கள். விழுந்த பிறகு படிக்க ஆரம்பித்தால் பயம்தான் முந்திக்கொள்ளும்.

என் மாணவர்களில் பலர் இந்தப் பொறுமையெல்லாம் வேண்டாம் என்று ஆப்ஷன் வியாபாரத்துக்குப் போய்விட்டார்கள். எனக்கு உண்மையாகவே நெஞ்சு பதறுகிறது. 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் வியாபாரம் செய்த தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நட்டப்பட்டதாக செபியின் ஆய்வே சொல்கிறது. மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இதில் கல்யாணத்துக்கும் வீட்டுக்கும் சேர்த்த பணம் எவ்வளவோ!

கிரஹாம் கோப்பைப் பார்க்க ரயில் ஏற வேண்டியிருந்தது. நமக்கு அந்தச் சிரமமில்லை. பட்டியலில் உள்ள எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையும் மும்பை, தேசியப் பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. படம் போட்ட முன்பக்கங்களைத் தள்ளுங்கள். முதலில் தணிக்கையாளர் அறிக்கை, அவர் எதற்காவது தயக்கம் தெரிவித்திருக்கிறாரா என்று பாருங்கள். பிறகு ரொக்க ஓட்ட அறிக்கை. ஐந்தாண்டு இலாபத்தையும் தொழிலிலிருந்து உண்மையில் வந்த ரொக்கத்தையும் பக்கம் பக்கமாக எழுதுங்கள். இலாபம் ஏறி ரொக்கம் வரவில்லையென்றால், கடனாளிகளிடம் எவ்வளவு நிற்கிறது என்று தேடுங்கள். நிறுவனரின் உறவினர் நிறுவனங்களோடு நடந்த கொடுக்கல் வாங்கல் கடைசிக் குறிப்புகளில் இருக்கும். அடமானம் வைத்த பங்குகளின் அளவு பங்குடைமைப் பட்டியலில் இருக்கும்.

நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஏதாவது ஒரு பொருளைச் செய்யும் நிறுவனமாகப் பார்த்து இந்த வாரமே எடுங்கள். விலையைப் பார்க்க வேண்டாம். முதலில் படித்து முடித்து, ஒரு பங்கு எவ்வளவு பெறும் என்று நீங்களே ஒரு தொகையை எழுதுங்கள். அதற்குப் பிறகு மட்டும் சந்தை விலையைத் திறந்து பாருங்கள்.