கணினி விற்பனை பெருகினால் லாபம் பெருகுமா?

பெங்களூரு: கணினித் தயாரிப்பு நிறுவனங்களின் பங்குகளுக்கு எதிர்காலம் உண்டா? முதலீட்டாளர்களின் இக்கேள்விக்கு விப்ரோவின் வரலாறே ஒரு பாடம்.

1978-ல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறிய பின், சமையல் எண்ணெய் விற்றுவந்த விப்ரோ, பெங்களூரில் கணினித் தொழிலில் இறங்கியது. ஆனால், சில்லுக்கு இன்டெலையும், மென்பொருளுக்கு மைக்ரோசாஃப்டையும் நம்பியிருந்த தயாரிப்பாளர்களுக்கு விலைப்போட்டியில் எஞ்சியது சொற்ப லாபமே. பங்குச்சந்தையும் மென்பொருள் சேவைக்கே மதிப்பளித்தது. 2013-ல் விப்ரோ கணினித் தயாரிப்பைக் கைவிட்டது.

அதேசமயம், 2005-ல் ஐபிஎம்மின் தனிநபர் கணினிப் பிரிவை வாங்கிய சீனாவின் லெனோவா, 2013-ல் உலக விற்பனையில் முதலிடம் பிடித்தது. விற்பனை எண்ணிக்கையே பலம் என்போர் இதைச் சுட்டிக்காட்டுகின்றனர்.

உள்நாட்டு உற்பத்தியைப் பெருக்க 2023-ல் மத்திய அமைச்சரவை ரூ.17,000 கோடி ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஊக்கத்தொகை நின்ற பிறகும் லாபம் நிலைக்குமா என்பதே முதலீட்டாளர்கள் கவனிக்க வேண்டியது.